ரோசாலிக்குப் பாதிச் சோறு

“காணும் எண்டு சொன்னனான் எல்லோ! எடுங்கோ. போட்டதிலை பாதியைத் திரும்ப எடுங்கோ.”

“போட்ட சோத்தை எடுக்கிறதோ? ஆரும் அப்பிடிச் செய்வினமோ?”

“நான் கேக்கிறன், நீங்கள் செய்யுங்கோ. வயிறு என்ரை எல்லோ?”

“வயிறு உங்கடை. கடை என்ரை.”

“அண்ணை, அந்த அகப்பையைக் கீழை வையுங்கோ எண்டு சொல்லுறன்!”

நான் வரிசையில் பின்னால் நின்றேன். ஆட்களின் முகம் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்து ஆளிடம், “உந்தச் சனத்துக்கு எவ்வளவு போட்டாலும் காணாது எண்டு கத்துதுகள்” என்றார். கறுப்பினத்தவர்களை எங்கள் ஆட்கள் கூப்பிடும் அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

“இல்லை அண்ணை, கூடப் போட்டிட்டார் எண்டுதான் அவ கத்துறா” என்று நான் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. “கூடப் போட்டதுக்கு ஆரும் கத்துவினமோ?” என்று சிரித்தார்.

கத்தியது ரோசாலி. என்னோடு மெனாஜ் என்கிற துப்புரவு வேலை செய்பவள். ஐவரி கோஸ்ட்காரி. என் வயதுதான், ஐம்பதைத் தாண்டிவிட்டாள். காலையில் நாங்கள் இருவரும் பரிஸில் கார் து நோர் ஸ்டேசன் பக்கம் ஒரு கந்தோர்க் கட்டடம் துப்புரவு செய்கிறோம். முடிந்ததும் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலுக்கு நடந்து வந்து சாப்பிட்டுவிட்டு, அவள் அடுத்த வேலைக்குப் போவாள். நான் திரான்சியில் உள்ள வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு, பின்னேர வேலைக்குத் திரும்ப வருவேன்.

அகப்பையோடு நின்றவர் ஜெயரட்ணம் அண்ணை. கடையின் பெயர் வேண்டாம், ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் ஒன்று. வன்னி ஆள், கடைசிச் சண்டைக்குப் பிறகு வந்தவர். சமைப்பதும் அவர்தான், தட்டில் போடுவதும் அவர்தான். அவர் கையால் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், தட்டில் மலைபோலக் குவிப்பார். அதற்காகவே தூரத்திலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அகப்பைச் சண்டை பிரெஞ்சில்தான் நடந்தது. ரோசாலிக்கு “அண்ணை”, போதும் என்கிற “காணும்”, “சோறு”, “உறைப்பு” என்று கொஞ்சத் தமிழ்தான் தெரியும். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

அவள் ஏன் பாதி கேட்டாள் என்று சொல்ல வேண்டும்.

ரோசாலியின் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது பல்லைக் கடிப்பாள். ஒப்பரேசன் செய்து புது மூட்டு வைக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவளுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. இரத்தத்தில் சீனி இறங்காவிட்டால் வெட்டின இடம் ஆறாது, கிருமி பிடிக்கும். அதனால் மூன்று மாதத்தில் திரும்ப இரத்தம் பார்ப்போம், இறங்கியிருந்தால்தான் ஒப்பரேசன் என்று சொல்லிவிட்டார்.

அதைவிட மோசம் வேலை டொக்டர், ஆளின் உடம்பு வேலைக்குச் சரியோ என்று பார்க்கிறவர். இப்போதைக்குப் பாரம் தூக்காத வேலை கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். ஒப்பரேசன் நடக்காவிட்டால் இந்த வேலைக்கு இவர் சரிவரமாட்டார் என்று எழுதுவார். அப்படி எழுதினால் கொம்பனி வேறு வேலை தேடிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்தும். மெனாஜில் இருந்தபடி செய்கிற வேலை எங்கே இருக்கிறது? ஐம்பது வயது தாண்டிய, கால் இழுத்து நடக்கிற ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். அவளுக்கு அந்த ஒப்பரேசன் வேண்டும்.

அவளுடைய அக்காவுக்கு இதே வருத்தத்தால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி ரோசாலி ஒரு தரம்தான் என்னிடம் சொன்னாள். பிறகு கதைத்ததில்லை.

இந்த நேரத்தில்தான் அவளுக்கு இசபெல்லைத் தெரிய வந்தது. இசபெல் குவாதலூப் தீவுப் பெண், நேர்ஸ். கறுப்பினப் பெண்களுக்கென்று சனிக்கிழமைகளில் ஒரு சங்கத்துக் கூடத்தில் கூட்டம் வைக்கிறாள். கொஞ்ச நேரம் சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பார்கள், பிறகு ஏயோல் பூங்காவைச் சுற்றி நடப்பார்கள். ரோசாலி என்னையும் இழுத்தாள்.

“அது உங்கடை ஆக்களுக்கு எல்லோ, நான் ஏன்?” என்று கேட்டேன்.

“உன்ரை நிறத்துக்கு வாசலிலை ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம், வா” என்றாள்.

முதல் நாள் போனபோது அந்தக் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. மெல்லிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கடற்கரையில் ஓடுகிறாள், கையில் அப்பிள். ஓடுங்கள், பழம் சாப்பிடுங்கள் என்று எழுதியிருந்தது. இசபெல் அதைக் காட்டி, “உதைப் பாத்து உங்களிலை எத்தினை பேர் ஓடப் போனனீங்கள்?” என்று கேட்டாள்.

பின்னால் இருந்த ஒரு பெரிய உடம்புக்காரி, “நான் ஓடினா எனக்குப் பின்னாலை பொலிஸ் ஓடும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னொருத்தி தன் தலையைக் காட்டினாள். “இந்தப் பின்னலைப் பார். ஷத்தோ தோ சலூனிலை ஒரு நாள் முழுக்க இருந்து பின்னினது. வேர்த்தா போச்சு. நீ வந்து பின்னித் தருவியோ?”

“துணி கட்டிக்கொண்டு நட” என்றாள் இசபெல். “பின்னலைத் திரும்பப் பின்னலாம்.”

ரோசாலியும் விடவில்லை. “காலமை தொடங்கி வேலையிலை நடக்கிறம், குனியிறம், தள்ளுறம். அந்த நடை காணாதோ?”

“அது கொம்பனிக்கு நடக்கிற நடை” என்றாள் இசபெல். “மூச்சு விடாமல், பயத்தோடை, முதுகு வளைஞ்சு நடக்கிறது. உனக்கெண்டு ஒரு நடை நட. எங்கடை பெண்களுக்குப் பிரசரும் சீனியும் மற்றவையைவிடக் கூட. டொக்டரிட்டைக் கடைசியாப் போறதும் நாங்கள்தான். எல்லாரையும் பாத்திட்டு, மிச்சம் நேரம் இருந்தா எங்களைப் பாப்பம்.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சுருக்கென்றது.

சாப்பாட்டைப் பற்றி அவள் சொன்னது சின்ன விஷயம். உங்கள் சாப்பாட்டை விட வேண்டாம். வாழைக்காய், மரவள்ளி, சோறு, வெண்டிக்காய், எல்லாம் சாப்பிடுங்கள். ஆனால் தட்டில் பாதி மரக்கறி. மிச்சப் பாதியில்தான் மற்றதெல்லாம். இவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த வேலை நாளே ரோசாலி ஜெயரட்ணம் அண்ணையிடம் பாதிச் சோறு கேட்டாள். நான் வரிசையில் நின்று கேட்ட சண்டை அதுதான்.

அன்றைக்கு அவர் எடுக்கவில்லை. அகப்பையைப் பிடித்தபடி நின்றார். முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. ரோசாலி தட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, குளிரில் நின்றாள். நான் போய், “அவர் குணம் அப்பிடி, விடு” என்றேன்.

“குணமோ? எனக்குக் காலை வெட்டினாப் பிறகு இவர் குணத்தை வைச்சு நான் என்ன செய்யிறது?” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவரே வெளியே வந்தார். கையில் ஒரு மாப் பை.

“பிள்ளை, இஞ்சை பார். சோத்தைக் குறைச்சுப் போட எனக்கு ஏலாது. ஆனா சீனி வருத்தத்துக்கு எங்கடை ஆக்களிட்டை ஒரு சாமான் இருக்கு. குரக்கன். இதிலை உனக்குப் பிட்டு அவிச்சுத் தாறன். இது எவ்வளவும் சாப்பிடலாம், ஒண்டும் செய்யாது.”

ரோசாலி பையைத் திறந்து அந்தக் கேழ்வரகு மாவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

“இது மில் எல்லோ! எங்கடை நாட்டிலை வடக்கிலை விளையிற தானியம் இதைப்போலத்தான் இருக்கும். உங்கடை ஆக்கள் எங்களிட்டைக் களவெடுத்ததோ?”

“நீங்கள் எங்களிட்டைக் களவெடுத்தியளோ ஆருக்குத் தெரியும்?” என்றார் அவர். அதோடு சண்டை முடிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ரோசாலிக்குக் கறுத்தப் பிட்டு. அவளுக்கென்று தனியாக எடுத்து மூடி வைத்திருப்பார். பக்கத்தில் கத்தரிக்காயும் பருப்பும். அதுவும் மலைதான். ஆனால் குரக்கன்தானே என்று ரோசாலி ஒன்றும் சொல்லவில்லை. “சோத்தைவிட வடிவா இருக்கு, லேசா இனிக்குது” என்று சாப்பிடுவாள். பிட்டுக் கிடைத்தபடியால் பேக்கரிப் பாணை முழுதாக விட்டுவிட்டாள். உங்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம். பரிஸில் இவ்வளவு வருடம் இருந்தவள், விடியப்புறம் வேலைக்குப் போகிற வழியில் சுடப் பாண் வாங்கிப் பிய்த்துச் சாப்பிடுகிறவள், அந்தக் கடை வாசலைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமைகளில் நடந்தாள். முதலில் பூங்காவின் ஒரு பக்கம் போய் வாங்கில் உட்கார்ந்துவிடுவாள். பிறகு மெதுவாக ஒரு சுற்று. அங்கே ரயில் பாதை பக்கம் காற்று ஊசிபோல இருக்கும். முழங்காலுக்குப் பட்டி போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். மற்றப் பெண்கள் முன்னால் போய் நின்று, “ரோசாலி வாறதுக்குள்ளை கோடை வந்திடும்” என்று பகிடி பண்ணுவார்கள். “கோடையிலை நான் உங்களுக்கு முன்னாலை போவன், அப்ப என்ரை பின்பக்கத்தைப் பாத்துக்கொண்டு வாங்கோ” என்பாள். அந்த மாதங்களில் அவள் சிரித்ததைப்போல நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கூட்டத்துப் பெண்களையும் அவள் கடைக்குக் கூட்டி வந்தாள். சீனி வருத்தத்துக்கு இந்தியன்கள் சாப்பிடுகிற மில் என்று சொல்லி. நாங்கள் இந்தியன்கள் இல்லை என்று எத்தனை தரம் சொல்லியும் பிரயோசனம் இல்லை. ஜெயரட்ணம் அண்ணைக்குச் சந்தோசப் புளுகம். எல்லோருக்கும் குவித்துக் குவித்துப் போட்டார். அவர்கள் வந்தால் எங்கள் ஆட்கள் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அண்ணை அவர்களைப் பார்த்து, “பசியோடை வாறவைக்கு என்ன நிறம்?” என்று கேட்பார். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். அவர் கெட்டவர் என்று யாரும் நினைக்கக்கூடாது.

மூன்று மாதம் முடிந்தது. இரத்தம் கொடுத்தாள். டொக்டரைப் பார்க்கிற ரொந்தேவு முடிந்த அடுத்த நாள், வாளிகள் வைக்கிற சின்ன அறையில் அவளைக் கண்டேன். குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய்க் குழாயைப் பூட்டினேன்.

“ஏறியிருக்கு” என்றாள்.

“எவ்வளவு?”

“ஏறியிருக்கு எண்டா காணாதோ?”

அவள் துடைப்பத் துணியைப் பிழிந்தாள், பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள்.

“ஒப்பரேசன் இல்லை. செப்தம்பரிலை திரும்ப இரத்தம் பாக்கிறதாம். அதுக்குப் பிறகுதானாம். வேலை டொக்டரும் செப்தம்பரிலைதான் கூப்பிட்டிருக்கிறார்.” துணியை வாளிக்குள் போட்டுவிட்டு, “வதனி, அந்த டொக்டர் என்னைப் பாத்த பார்வை இருக்கே. நான் சொல்லுறன், பாண் இல்லை, சீனி இல்லை, நடக்கிறன் எண்டு. அவர் தலையை ஆட்டுறார். நம்பேல்லை. இவள் வீட்டிலை களவா விழுங்கிறாள், இஞ்சை வந்து பொய் சொல்லுறாள் எண்டு நினைக்கிறார். எனக்கே சந்தேகம் வந்திட்டுது, நான்தான் பொய் சொல்லுறனோ எண்டு” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் நடக்க வரவில்லை. அடுத்ததற்கும் இல்லை. கதை பரவி மற்றப் பெண்களும் குறைந்துபோனார்கள். பகிடி விடுகிற அந்தப் பெரிய உடம்புக்காரி என்னைத் தெருவில் கண்டு, “ரோசாலிக்கே இறங்கேல்லை. அவளைப்போல ஆர் கட்டுப்பாடா இருந்தது? எங்களுக்கு இப்பிடித்தான் எண்டு எழுதியாச்சு” என்றாள். இந்த முறை பகிடி இல்லை.

எனக்கு விளங்கவில்லை. அவள் சாப்பிட்டதெல்லாம் எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்தவள் நான். ஒரு நாள் வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போனேன். இன்னும் ஆட்கள் வரவில்லை. ஜெயரட்ணம் அண்ணை பின்னால் பெரிய தாச்சியில் மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, இது என்ன மா?”

“குரக்கன்.”

“மற்ற வெள்ளை மா?”

“கோதம்ப மா. அவிச்சு அரிச்சது. ஏன்?”

“ரோசாலிக்கும் இதுதானோ?”

“பின்னை?” என்றார். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. “தனிக் குரக்கன் எண்டா ஆறின உடனை கல்லுப்போலை இறுகிப் போம். தொண்டையிலை இறங்காது. உங்கடை வீட்டிலை எப்பிடிச் செய்யிறவை?”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். கலந்து அவித்தாலும் அதற்குப் பெயர் குரக்கன் பிட்டுத்தான். அவர் ஒளித்துச் செய்யவில்லை, யார் பார்த்தாலும் தெரியும்படி முன்னால் வைத்துத்தான் குழைக்கிறார். பக்கத்தில் ஒரு தட்டில் இன்னும் வெல்லம்போல ஏதோ சீவி வைத்திருந்தது.

“அது என்ன?”

“பனங்கட்டி. குரக்கன் கொஞ்சம் கைக்கும் எல்லோ. அந்தப் பிள்ளைக்குக் கைக்காமல் இருக்க நான் இதையும் போடுறனான்.”

“அண்ணை! சீனி வருத்தக்காரிக்கோ?”

“பனங்கட்டி எண்டு சொல்லுறன், சீனி எண்டே சொன்னனான்? பனங்கட்டி ஒண்டும் செய்யாது. சீனிக்காரர் தேத்தண்ணிக்கு இதைத்தானே கடிக்கிறவை.”

லா சப்பலில் எந்தக் கடையிலும் போய்க் கேளுங்கள், இதையேதான் சொல்வார்கள். உங்களில் எத்தனை பேர் இப்போது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இதை வாசிக்கிறீர்கள்?

நான் அவருக்கு ரோசாலியின் இரத்தம் ஏறியதைச் சொன்னேன். ஒப்பரேசன் தள்ளிப்போனதையும் சொன்னேன். அவர் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

“நான் அவவுக்குக் கூடத்தான் போட்டனான்” என்றார். “வேலைக்குப் போற மனிசி. பசி தாங்க வேணும் எண்டு.”

ரோசாலிக்குச் சொல்வது லேசாக இருக்கவில்லை. இசபெல்லையும் வரச் சொல்லி, பூங்கா வாங்கில் மூன்று பேரும் இருந்தோம். நான் சொல்லி முடித்தேன். ரோசாலி என் பக்கம் திரும்பினாள்.

“கோதம்ப மா எண்டா, பாண் சுடுற மாவோ?” என்று கேட்டாள்.

“ஓம்.”

“நான் பாணை விட்டனான்” என்றாள். “அந்தப் பிட்டுக்காகப் பாணை விட்டனான்.” சிரிக்கப் பார்த்தாள். அது சிரிப்பாக வரவில்லை.

இசபெல் அவள் கையைப் பிடித்தாள். “இன்னும் ஒண்டு சொல்லவேணும், கோவிக்காதை. தனிக் குரக்கன் எண்டாலும் இந்த அளவுக்குக் குவிச்சுச் சாப்பிட்டா ஏறும்தான். நீ முதல்லை கேட்டதுதான் சரி. பாதி. அதை விட்டிட்டு ஏன் மருந்துச் சாமான் தேடிப் போனனீ?”

“பாதி கேட்டனான். தரேல்லை” என்றாள் ரோசாலி.

அன்றைக்கே கடைக்குப் போனோம். ஆட்கள் நின்றார்கள். ரோசாலி வரிசையில் வரவில்லை, நேரே முன்னால் போனாள். ஜெயரட்ணம் அண்ணை அவளைக் கண்டதும் அகப்பையை வைத்துவிட்டு, “நான் தெரிஞ்சு செய்யேல்லைப் பிள்ளை” என்றார்.

“அது எனக்குத் தெரியும். நான் முதல் நாள் பாதி கேட்டனான். ஏன் தரேல்லை?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார், நான் அவளுக்குப் பிரெஞ்சில் சொன்னேன். சண்டையின் கடைசி மாதத்தில், வன்னியில் பதுங்கு குழிக்குப் பக்கத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்களாம். அவருடைய மனைவி கைப்பிள்ளையோடு நின்றாளாம். ஊற்றுகிறவர் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று அகப்பையைப் பாதியாக்கினாராம்.

“பாதி அகப்பை. அதைத்தான் அவவுக்கு ஊத்தினவை” என்றார். “அண்டைக்குத் தொடக்கம் எனக்குப் பாதி அளக்கேலாது. கை வராது.”

மனைவிக்கும் பிள்ளைக்கும் பிறகு என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை. அவர் இங்கே தனி ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ரோசாலி கண்ணாடிப் பெட்டியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கால் வலித்திருக்கும்.

“அண்ணை” என்றாள். “நான் பசியிலை சாகமாட்டன். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் பசியிலை சாகேல்லை. நான் செத்தா நிரம்பின தட்டாலைதான் சாவன். எங்கடை பெண்கள் இஞ்சை அப்பிடித்தான் சாகினம். உங்களுக்கு விளங்குதோ?”

நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு தட்டை எடுத்தார். கத்தரிக்காய், பயத்தங்காய், கீரை எல்லாம் வைத்தார். அது ஒழுங்காக வந்தது. பிறகு சோற்றுச் சட்டியைத் திறந்து அகப்பையை விட்டார். வழக்கம்போல நிறைய அள்ளினார். தட்டின் மேலே கொண்டுவந்து நிறுத்தினார். பாதியைத் திரும்பச் சட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். போட முடியவில்லை. அகப்பையை அப்படியே ரோசாலியின் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

ரோசாலி தானே பாதியைச் சட்டியில் போட்டாள், பாதியைத் தட்டில் போட்டாள். மூலையில் இருந்து சாப்பிட்டாள். முழுதும் சாப்பிட்டாள். அவர் வெளியே வரவில்லை. வரிசையில் நின்ற ஒருவர், “இனி நாங்களும் நாங்களே போடுறதோ?” என்று முணுமுணுத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை. ரோசாலி அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை.

“நான் போய் நிண்டா அந்த மனிசனுக்கு அதெல்லாம் திரும்ப வரும். ஒவ்வொரு நாளும் நான் அவருக்கு அதைக் காட்டுறதோ?” என்றாள்.

வேறு கடைகளிலும் கேட்டுப் பார்த்தோம். ஒரு கடையில் பாதி கேட்டால், விலையில் கழிவு கேட்கிறோம் என்று நினைத்தார்கள். இன்னொரு இடத்தில், “மடாம், இவ்வளவு உடம்புக்கு இது காணுமோ?” என்று தமிழில் கேட்டுவிட்டு, கடையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ரோசாலிக்குத் தமிழ் விளங்காது என்ற நினைப்பு. “காணும்” என்ற சொல் அவளுக்கு விளங்கும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரச் சொல்லுவீர்கள். விடிய முன்னம் வெளிக்கிட்டு, இருட்டின பிறகு வீட்டுக்குப் போகிறவள் அவள். அதுவும் ஒரு சின்ன அறை, அடுப்பு பொது. இப்போது மத்தியானத்தில் திரும்பப் பாண்தான் சாப்பிடுகிறாள். மெத்ரோப் படியில் நின்று சாப்பிடுகிறாள்.

நடைக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இப்போது சனிக்கிழமைகளில் இசபெல், ரோசாலி, நான், மூன்று பேர்தான். மழை பெய்தால் இரண்டு பேர். முந்தி முன்னால் போய் நின்று பகிடி விட ஆட்கள் இருந்தார்கள். இப்போது ரோசாலி பேசாமல் நடக்கிறாள். பாதியில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “வதனி, செப்தம்பரிலையும் ஏறியிருந்தா?” என்று கேட்கிறாள். நான் இறங்கும் என்கிறேன். எனக்குத் தெரியாது.

ஜெயரட்ணம் அண்ணை என்னைக் காணும்போதெல்லாம், “அந்தப் பிள்ளை எப்பிடி?” என்று கேட்கிறார். வரச் சொல்லு என்று சொல்வதில்லை.

இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் கடைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சமைக்கிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் கடைகளுக்கு மரவள்ளியும் வெண்டிக்காயும் வாங்க வருகிற கறுப்பினப் பெண்களில் எத்தனை பேர் ரோசாலியைப்போல என்று நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. செப்தம்பர் வரைக்கும், வேலை நாட்களில் மத்தியானம், தட்டில் பாதி மரக்கறியும் மிச்சத்தில் கொஞ்சச் சோறும், சிரிக்காமல், கூடப் போடாமல் ஒரு மனிசிக்குக் கொடுக்க வேண்டும். முழுத் தட்டின் காசையே வாங்குங்கள்.

உங்களில் யாரால் ஏலும்? லா சப்பலிலோ பக்கத்திலோ கடை வைத்திருக்கிறவர்கள், எந்தக் கடை, எத்தனை மணிக்கு வரலாம் என்று கீழே எழுதுங்கள். நான் ரோசாலியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.